ஊசிக்கு ஏழாம் நாள்

சின்னக்கானல் மேல் டிவிஷனின் மூன்றாம் லயத்திலிருந்து ஒரு செய்தி கிளம்பி ஃபேக்டரி கேட்டைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பது, அன்றைக்குச் சுருளியம்மாள் வேலைக்குப் போனாளா, லீவு போட்டாளா என்பதைப் பொறுத்தது. போயிருந்தால் பதினோரு மணிக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதே பாதி எஸ்டேட்டுக்குத் தெரிந்துவிடும். லீவு போட்டிருந்தால் சாயங்காலம் ஆகும். அவளைக் கேட்டால், தான் யாரிடமும் எதையும் போய்ச் சொல்வதில்லை என்பாள். நாலு பேர் கேட்கிறார்கள், மரியாதைக்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

லயம் கட்டியவனையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் எதுவும் தகரம் வரைக்கும் போகாது. முதல் வீட்டில் தும்மினால் ஆறாம் வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் மூன்றாம் வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி எதையும் கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் அவள் செவிடாகத்தான் இருக்க வேண்டும். சுருளியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் காது இன்னும் நன்றாகவே இருந்தது.

ஆனி மாதத்தின் கடைசி வாரம் அது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் மாரீஸ்வரிக்குப் பூ வைக்கிறார்கள். மாரீஸ்வரி ஒரு ரிசார்ட்டில் ரூம் ஒழுங்கு பண்ணும் வேலையில் இருந்தாள். இருபத்தேழு வயது. இதற்கு முன்னால் ஏழு இடம் வந்து ஏழும் தட்டிப்போயிருந்தன. ஏழில் மூன்று சுருளியம்மாளின் வாயால் போனவை என்று லயத்தில் ஒரு கணக்கு உண்டு. மாரீஸ்வரியின் கணக்கில் அது ஐந்து. எட்டாவதாக வந்தவன் கம்பம்மெட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் வேல்முருகன். பெண்ணுக்குப் பையனைப் பிடித்தது, பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது. பையனின் அம்மா சின்னத்தாயிக்கும் வீடு பிடித்தது. ஞாயிறு வரைக்கும் சுருளியம்மாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் நாலாம் வீட்டுக் குழந்தை அழுதது. பசி அழுகை வேறு, இது வேறு என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே சுருளியம்மாளுக்குத் தெரிந்தது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். நாலாம் வீட்டில் முருகேஸ்வரியும், டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் அவள் புருஷன் சதீஷும், ஒன்பது மாதப் பெண் குழந்தையும்தான். குழந்தையை வாங்கித் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. சட்டையைத் தூக்கினாள். நெஞ்சிலும் காதுக்குப் பின்னாலும் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது.

“ஏண்டி, இது என்னடி?”

“கொசு கடிச்சிருக்கும் அத்தே.”

“இந்தக் குளிர்ல எந்தக் கொசுடி உசுரோட இருக்கு? நல்லாப் பாரு. ஆத்தா முத்துப் போட்டிருக்கா.”

முருகேஸ்வரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “போன புதன்கிழமைதான அத்தே அம்மைக்குன்னு ஊசி போட்டுட்டு வந்தோம்? சிஸ்டர்கூட என்னமோ சொன்னாக, ஒரு வாரம் கழிச்சு...”

“ஊசிக் காய்ச்சல் எனக்குத் தெரியாதாக்கும்? மூணு பெத்தவ நான். இதுக்கு முன்னாடி பாப்பாவுக்குப் போட்ட ஊசிக்கெல்லாம் எப்ப காய்ஞ்சுச்சு? அன்னைக்குப் பொழுது சாய, இல்லேன்னா மறுநாள். ரெண்டு நாள்ல ஓடிப்போச்சா இல்லையா? இந்த ஊசிக்கு மறுநாள் காய்ஞ்சுச்சா?”

“இல்ல அத்தே.”

“பெறகென்ன? ஏழு நாள் கழிச்சு வர்றதுக்கு ஊசி என்ன கம்பத்துல இருந்து நடந்தா வருது? கன்னத்துல போட்டுக்க. ஆத்தா வந்துருக்கா.”

முருகேஸ்வரி போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் சுருளியம்மாள் வீட்டை எடுத்து நடத்த ஆரம்பித்தாள். அடுப்பில் எண்ணெய் வைக்கக் கூடாது. தாளிக்கக் கூடாது. கவுச்சி கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, தன்னைத் தவிர. இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு வேப்பிலைக்கு வந்தாள். அங்கேதான் விஷயம் பெரிதானது.

சின்னக்கானல் குளிரில் வேப்பமரம் வராது. வேப்பிலை வேண்டுமென்றால் கீழே போடியிலிருந்துதான் வர வேண்டும். தினமும் காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கும் எஸ்டேட்டுக்கும் பெண்ணாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் ஒன்று சூசையப்பனுடையது. சுருளியம்மாள் அவருக்குப் போன் போட்டாள். “அண்ணே, காலையில ஒரு கட்டு வேப்பங்குலை. நம்ம நாலாம் வீட்டுல ஆத்தா வந்துருக்கா.”

சூசையப்பன் வேதக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அம்மனுக்குரியதை ஆட்களின் காலடியில் போட்டுக் கொண்டுவர அவருக்கு மனசு வராது. ஜீப்பின் முன் கம்பியில் மாலை மாதிரிக் கட்டிவிட்டார். வியாழக்கிழமை விடியற்காலை போடிமெட்டு செக்போஸ்ட்டில் ஒருவன் கேட்டான். பூப்பாறை டீக்கடையில் நாலு பேர் கேட்டார்கள். எல்லோருக்கும் சூசையப்பன் உண்மையைத்தான் சொன்னார்: மூன்றாம் லயம், சுருளியம்மாள் சொல்லிக் கொண்டுபோகிறேன். சின்னக்கானலில் ஆட்களை இறக்கிவிட்டு, ஏலக்காய் மூட்டை ஏற்ற அவர் கம்பம்மெட்டுக்குப் போனார். அங்கேயும் கேட்டார்கள்.

சுருளியம்மாள் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். தன் பங்குக்கு அவளும் வரிசையில் எல்லோருக்கும் பதில் சொன்னாள். “பாவம்த்தா, பச்சப் பிள்ள. நான் மட்டும் பாக்கலேன்னா அந்தக் கழுத வெங்காயம் தாளிச்சுக்கிட்டு இருந்திருப்பா.”

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. சின்னத்தாயி.

“மதினி, உங்க லயத்துல அம்மா வந்துருக்காளாமே?”

“எங்க வீட்டுல இல்ல மதினி. பக்கத்து வீட்டுல.”

“ஒரே கூரைதான மதினி?”

சுருளியம்மாள் மேலே தகரத்தைப் பார்த்தாள். அது ஆறாம் வீடு வரைக்கும் ஒன்றாகத்தான் போயிற்று.

“யாரு மதினி சொன்னா?”

“யாரு சொல்லணும்? நீங்க சொல்லித்தான் ஜீப்புல வேப்பங்குலை போச்சாம், ஜீப்புக்காரரே சொன்னாரு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. ஆத்தா வந்து எறங்குன எடத்துல நாங்க பூவும் பழமும் எடுத்துட்டு வந்து நிக்கிறது நல்லா இருக்காது. மூணு தண்ணி ஊத்தி முடியட்டும். அதுக்குள்ள ஆடி பொறந்துரும். ஆடியும் கழியட்டும். பெறகு பாப்போம்.”

பார்ப்போம் என்ற சொல்லை இதற்கு முன் ஏழு வீட்டார் சுருளியம்மாளிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் திரும்ப வந்து பார்த்ததில்லை.

மாரீஸ்வரி எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமைக்காக இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருந்த புடவையை எடுத்து, மடித்து, கடைக்காரன் கொடுத்த அதே கவருக்குள் திரும்ப வைத்தாள். “மத்ததெல்லாம் நேர்ல பேசிக் கெடுத்த. இத போன்லயே முடிச்சுட்ட” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவில்லை.

ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்க்கும் சுருளியம்மாளின் புருஷன் பெரியமுத்து, கல்யாணமான முப்பது வருஷத்தில் பெண்டாட்டியிடம் சொன்னது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். அதையே அன்றைக்கும் சொன்னார். “நீ பேசாம இரு.”

“இம்புட்டு நாளா பேசிட்டு இப்பப் போய்ப் பேசாம இருக்கவா? இப்பத்தான்யா பேசணும்” என்றாள் சுருளியம்மாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் நேராகச் சுகாதார சப் சென்டருக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். அம்மைக்கு ஊசி என்று சொல்லிக் குழந்தையைக் குத்திவிட்டு, அம்மையும் வந்தால் அந்த ஊசி எதற்கு? தன் வீட்டு விசேஷம் நின்றதற்கு யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும். தான் அல்லாத ஒருவராக இருந்தால் நல்லது.

நர்ஸ் டின்சி தொடுபுழைக்காரி. ஆறு வருஷமாக இங்கே வேலை. நன்றாகத் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் மலையாளம். சுருளியம்மாள் கத்தி முடிக்கும் வரை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

“ஊசி போட்டது எந்நு?”

“போன புதன்.”

“காய்ச்சல் எந்நு வந்து?”

“இந்தப் புதன்.”

“ஏழு நாள்.” டின்சி பேனாவை மூடினாள். “சேச்சி, ஊருல எல்லார் காரியமும் விசாரிக்கிறீங்க. இந்த ஊசிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை விசாரிக்கலையே.”

விசாரித்திருக்க வேண்டும்தான் என்று சுருளியம்மாளுக்கே தோன்றியது. இத்தனை வருஷம் எப்படி விட்டாள் என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மழையில் லயத்துக்கு நடந்தார்கள். நடக்கும்போதே டின்சி சொன்னாள். “மற்ற ஊசிக்கு அன்னைக்கோ மறுநாளோ காய்ச்சல் வரும், கை வீங்கும், போயிரும். இது வேற. இதுல இருக்கிறது பலம் எடுத்துட்ட அம்மைக் கிருமி. உயிரோட இருக்கும், நோய் உண்டாக்குற சக்தி இருக்காது. அது உள்ள போய், உடம்பு அதைத் தெரிஞ்சுக்கிட்டு மல்லுக்கு நிக்கிறதுக்கு ஒரு வாரம் ஆகும். அதனாலதான் ஏழு நாள், பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல். சில குஞ்சுகளுக்கு, நூத்துல ரெண்டு மூணுன்னு வச்சுக்கோங்க, இப்படிச் சிவந்து பொடியும். ரெண்டு மூணு நாள்ல தானே மறையும். மற்றவங்களுக்கு ஒட்டாது.”

நாலாம் வீட்டு வாசலில் தொங்கிய வேப்பங்குலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையை மடியில் போட்டாள். கண் சிவக்கவில்லை, இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பதரை. குழந்தை அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்தது.

“பால் குடிக்கிறாளா?”

“நல்லாக் குடிக்கிறா சிஸ்டர்.”

“ஊசி போட்ட அன்னைக்கு உங்ககிட்ட இதையெல்லாம் சொன்னேனே, முருகேஸ்வரி?”

“சொன்னீக சிஸ்டர். அதத்தான் அன்னைக்கு அத்தைகிட்ட சொல்ல வாயெடுத்தேன். அவுக விட்டாத்தான?”

சுருளியம்மாள் வெளியே மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்தாள்.

காய்ச்சல் ஏறினால் எத்தனை சொட்டு மருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு டின்சி எழுந்தாள். “நாளைக்கும் காய்ச்சல் விடலைன்னா, பால் குடிக்காமத் துவண்டா, வலிப்பு மாதிரி வெட்டினா, அப்பவே ஆசுபத்திரி. நெஜமான அம்மையா இருந்தாலும் அப்படித்தான். கூட்டிட்டு வரணும், பூட்டி வைக்கக் கூடாது. சேச்சி, இனி யாருக்காவது உடம்புல சிவந்தா முதல் போன் எனக்கு. சூசையப்பனுக்கு இல்ல.”

ஆக, ஆத்தா வரவில்லை. ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இதை ஊருக்குச் சொன்னால் போதும். இதைவிடச் சுலபமான வேலை சுருளியம்மாளுக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய்ச் சொன்னாள். “அம்மை இல்லத்தா. ஊசியால வந்த தடிப்பாம், நர்ஸம்மா வந்து பாத்துட்டாக.” ஒருத்தி அப்படியா என்றுவிட்டுத் தராசு முள்ளைப் பார்க்கத் திரும்பினாள். இன்னொருத்தி, ஞாயிற்றுக்கிழமைக்காகச் சொல்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இவள் காதிலேயே விழுந்தது. வேப்பிலைச் செய்தியைக் கை நீட்டி வாங்கியவர்கள் இதைக் கையாலும் தொடவில்லை. டின்சி லயத்து வாட்ஸப் குரூப்பில் மூன்று நிமிஷம் பேசி அனுப்பினாள். அதற்குக் கீழே நாலு கும்பிடும் ஒரு ரோஜாப்பூவும் வந்தன. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சின்னத்தாயிக்கு மூன்று தடவை போன் போட்டாள். மூன்றாவதற்குத்தான் எடுத்தாள்.

“நர்ஸம்மா அப்படித்தான் மதினி சொல்லுவாக, அவுக போட்ட ஊசில்ல? நீங்களும் அப்படித்தான் சொல்லுவீக, உங்களுக்குக் காரியம் ஆகணும்ல? நான் யாரையும் கொற சொல்லல. ஆடி கழியட்டும்.”

சனிக்கிழமை காலையில் முதல் வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக அந்த வாசனை வரிசையாக எல்லா வீட்டுக்கும் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுருளியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். மூன்று நாளாக நாலாம் வீட்டிலிருந்து மட்டும் எந்த வாசனையும் வரவில்லை. அந்த வீட்டில் அம்மன் இருக்கிறாள் என்று லயத்துக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். வாயால் எவ்வளவு சொல்லி என்ன?

டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாட்டை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு நாலாம் வீட்டுக்குப் போனாள். முதலில் குழந்தையை வாங்கி, காதுக்குப் பின்னால் பார்த்தாள். சிவப்பு மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. வாசலில் கட்டிய வேப்பங்குலையைத் தானே அவிழ்த்தாள்.

“அடுப்பப் பத்த வைடி.”

முருகேஸ்வரி கருவாட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். “எனக்குப் பயமா இருக்கு அத்தே. தாளிச்சா ஆத்தாவுக்கு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீக?”

“நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு.”

இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்ட முதல் மனிதர்கள் முருகேஸ்வரியும் சதீஷும்தான். சதீஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தயிர்ச்சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். “பொரிங்க அத்தே. மூணு நாளா வாய் செத்துப்போச்சு. பாவம் வந்தா பாதி எனக்கு.”

“முழுசும் எனக்குத்தான். நீ பேசாம இரு.”

எண்ணெய்ச் சட்டி காய்ந்தது. கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுருளியம்மாள் நின்றுவிட்டாள். டின்சி சொன்னது புரிந்துதான் இருந்தது. ஆனால் ஐம்பது வருஷப் பயம், ஒரு நர்ஸ் குடை பிடித்துக்கொண்டு நடந்ததில் போய்விடாது. மாரீஸ்வரியின் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினாள். ‘தாயே, நீ இங்க இல்லைன்னு அந்தப் பிள்ள சொல்லுது. இருந்தா இப்பவே சொல்லிரு. பெறகு கோவிச்சுக்கக் கூடாது.’ ஒரு நிமிஷம் காத்திருந்தாள். குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அது பதிலா இல்லையா என்று யோசித்து, இல்லை என்று முடிவு பண்ணி, கருவாட்டைச் சட்டியில் போட்டாள்.

ஐந்தாம் வீட்டில் முதல் இருமல் கேட்டது. இரண்டாம் வீட்டுக் கதவு திறந்தது. முதல் வீட்டு முத்தாத்தாள் மழையைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தாள். கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த ஊர் ‘ங்க’ போடும் மரியாதை நாக்கை விட்டுப் போகாது.

“ஏனுங்க சுருளியக்கா, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சுங்களா? ஆத்தா இருக்கற ஊட்டுல கருவாடா பொரிக்கறீங்க?”

“ஆமா. ரெண்டு எடுத்துக்க.”

முத்தாத்தாள் எடுத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்தாள். அவள் மட்டுமல்ல, ஐந்தாம் வீடு, ஆறாம் வீடு எல்லாம் எடுத்தது. தடுப்பூசியைப் பற்றிய மூன்று நிமிஷப் பேச்சைக் கேட்க நேரமில்லாதவர்கள், சுருளியம்மாள் ஆத்தா வீட்டில் கருவாடு பொரித்ததைப் பத்து நிமிஷமாகப் பேசினார்கள். சின்னக்கானல் தாண்டி, பூப்பாறை தாண்டி, மூன்று போனுக்கு நகராத கம்பம்மெட்டு நாற்பது நிமிஷத்தில் தானே போன் போட்டது.

“மதினி, நான் கேள்விப்படுறது நெசமா?” சின்னத்தாயிக்கு மூச்சு வாங்கியது. “அம்மா இருக்குற வீட்டுல கருவாடு பொரிச்சீகளாமே?”

“பொரிச்சேன் மதினி. தின்னும் பாத்தேன். உப்புக் கொஞ்சம் கூட.”

“அடிப்பாவி மதினி, நாளைக்கு மகளுக்குப் பூ வைக்கணும்னு இருந்துட்டு...”

“அதத்தான் மதினி நானும் கேக்குறேன். மகளுக்குப் பூ வைக்கணும்னு இருக்கறவ, உள்ள ஆத்தா இருந்தா அந்த அடுப்புல எண்ணெய் வைப்பாளா? என் பிள்ள வாழ்க்கையில நானே கொள்ளி வைப்பனா? நான் வாய்க்காரி மதினி, ஊருக்கே தெரியும். பைத்தியக்காரி இல்ல.”

பெயர் கெடும் என்று தெரிந்தே ஒருத்தி செய்த காரியத்துக்கு முன்னால் சந்தேகத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“ஊசி எப்பப் போட்டாக?” என்றாள் சின்னத்தாயி. குரல் இறங்கியிருந்தது.

“போன வாரம் புதன். இந்தப் புதன் செவந்துச்சு. இன்னைக்குத் தேடித்தான் பாக்கணும்.”

“ஒம்பது மாச ஊசியா?”

“அதேதான்.”

சின்னத்தாயி ஒரு பெருமூச்சு விட்டாள். “என் மக வயித்துப் பேரனுக்கு மாசியில இதே ஊசி போட்டு, எட்டாம் நாளு இப்படித்தான் வந்துச்சு மதினி. ஆத்தான்னு நெனச்சு மூணு தண்ணி ஊத்துனோம். எங்க அண்ணன் மக கல்யாணம், உத்தமபாளையத்துல. வீட்டோட ஒருத்தரும் போகல. அண்ணன் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட மூஞ்சி குடுக்கல. அதுவும் இந்த ஊசிதானா அப்ப?”

எப்பேர்ப்பட்ட செய்தி! சுருளியம்மாளின் நாக்கு நுனியில் அது வந்து உட்கார்ந்தது. மகளைப் பார்த்தாள். விழுங்கினாள். திங்கட்கிழமை வரைக்குமாவது தாங்க வேண்டும்.

“எனக்கு எப்படி மதினி தெரியும்? நர்ஸம்மா நம்பர் தாரேன், நீங்களே கேளுங்க.”

சின்னத்தாயி கேட்டாள். எவ்வளவு நேரம் கேட்டாள் என்று டின்சியைத்தான் கேட்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு, நாளைக்குப் பத்தரைக்குள் வந்துவிடுகிறோம் என்று வேல்முருகனே மாரீஸ்வரிக்குப் போன் பண்ணினான். மாரீஸ்வரி கவரிலிருந்து புடவையை எடுத்து மடிப்பைத் தட்டினாள். இரண்டு நாளைக்கு அப்புறம் அம்மாவிடம் பேசினாள். “இஸ்திரிப் பெட்டி எங்க?”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜீப்பில் பதினொரு பேர் வந்தார்கள். பூத்தட்டைப் பின்னால் வருகிறவளிடம் கொடுத்துவிட்டு, சின்னத்தாயி மூன்றாம் வீட்டைத் தாண்டி நேராக நாலாம் வீட்டுக்குள் நுழைந்தாள். குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், இரண்டு காதையும் மடக்கிப் பின்னால் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வந்தது வந்துவிட்டோம் என்று சதீஷுக்குச் சீசனில் எத்தனை ட்ரிப் கிடைக்கும், ஜீப் சொந்தமா வாடகையா, முருகேஸ்வரிக்கு மாமியார் ஏன் கூட இல்லை என்பதையெல்லாம் கேட்டு முடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தாள்.

பூ வைத்தார்கள். பழம் மாற்றினார்கள். கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்வது என்று பேசினார்கள். சாப்பிட்டு எழுந்த பிறகு, மாரீஸ்வரி தாம்பூலத் தட்டோடு உள்ளே வந்தபோது, மூலையில் இரண்டு அம்மாக்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த முத வீட்டுக்காரி ஏன் மதினி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?” என்று சின்னத்தாயி கேட்டாள்.

சுருளியம்மாள் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். சின்னத்தாயியும் இந்தப் பக்கம் நகர்ந்தாள். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டன. இனி யார் நினைத்தாலும் இந்தச் சம்பந்தத்தைக் கலைக்க முடியாது என்று மாரீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.